தம்பிக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி மறுபடி வேலைக்குப் போகிறான், மாத்திரையை அவனே நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறான், பழையபடி உன்னோடு வம்புக்கு வருகிறான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு ஆபீஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் மனநோய் உள்ளவர்களின் பராமரிப்பாளர் குழுவுக்கே சரியாகிவிடுகிறது.

அதைப் பற்றித்தான் நீ கேட்டிருந்தாய். மனநோய்க்கு டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் மனு எழுதுவதும் கூட்டம் போடுவதும் சட்டம் பேசுவதும் யாரைக் குணப்படுத்தப் போகிறது, நீ ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று. என் மேல் உள்ள அக்கறையில் கேட்டாய், தெரியும். ஆனாலும் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பிக்கு அந்த டாக்டர் எப்படிக் கிடைத்தார், யோசித்துப் பார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக. உன் கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, அவன் மேலாளர் லீவு கொடுத்தார், நீ கூடவே இருந்து பார்த்துக்கொண்டாய். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். யாரையும் தெரியாத, சேமிப்பு இல்லாத ஒருவனுக்கும் அதே வைத்தியம், பக்கத்திலிருக்கிற சாதாரண ஆஸ்பத்திரியிலேயே, சிபாரிசு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு அரசு முடிவெடுத்து, பணம் ஒதுக்கி, ஆள் போட வேண்டும். கொள்கை கொள்கை என்று நான் சொல்வது இவ்வளவுதான். 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் எட்டுப் பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பார்த்தவரை, அரசுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் மனநலத்துக்கு வருவது பொதுவாக 2 சதவீத அளவில்தான் நிற்கிறது. இந்த இடைவெளியை எந்த டாக்டரும் தனியாக நிரப்பிவிட முடியாது.

சட்டம் யாரைக் குணப்படுத்தும் என்கிறாய். இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன், எனக்கு இதில் நம்பிக்கை வந்ததே அதைப் படித்த பிறகுதான். 1990களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது, உலகிலேயே மிக மோசமான அளவுகளில் ஒன்று. அதில் பெரும் பகுதிக்குக் காரணம் பூச்சிக்கொல்லி. மனசு உடைந்த ஒரு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய விஷம் இருந்தது, அதுதான் ஆபத்து. அரசு மிக நச்சான பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது, 1995, 1998, அப்புறம் 2008க்குப் பிறகு இன்னும் சில. 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தடையால் விளைச்சலும் குறையவில்லை. அந்த 93,000 பேரில் ஒருவருக்குக்கூடத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது, சாந்தி. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிற ஒன்று, அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் அப்புறம் வாழ்ந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தைக் கடக்க உதவியது ஒரு அரசாணை. விஷம் குடித்து வந்தவர்களை வார்டில் பார்த்த டாக்டர்கள் எந்தப் பூச்சிக்கொல்லியால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கு வைத்து, விடாமல் சொன்னதால்தான் இதற்கெல்லாம் ஆதாரம் கிடைத்தது.

ஆனால் சட்டம் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவள் இல்லை நான். அமெரிக்காவில் 1963இல் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார், பெரிய மனநோய் விடுதிகளுக்குப் பதிலாக ஊருக்கு ஊர் சிகிச்சை மையங்கள் என்று. விடுதிகள் காலியாகின, மையங்களோ திட்டமிட்டதில் பாதி அளவுதான் வந்தன, அவற்றுக்கும் பணம் போதவில்லை. வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் தெருவிலும் ஜெயிலிலும் போய் முடிந்தார்கள். இத்தாலியில் அதே எண்ணத்தோடு 1978இல் 180ஆம் எண் சட்டம் வந்தது. அதற்குக் காரணமான பிராங்கோ பசாலியா என்ற டாக்டர் அதற்கு முன்பே திரியெஸ்தே நகரத்து மனநோய் விடுதியின் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியில் மையங்களை நடத்திக் காட்டியிருந்தார். அங்கே அந்த மையங்கள் பகல் இரவு திறந்திருந்தன, படுக்கை இருந்தது, வேலைக்கு வழி இருந்தது, அதனால் அந்த மாற்றம் நிலைத்தது. இத்தாலியின் வேறு பல பகுதிகளில் அந்த அளவு நடக்கவில்லை, சட்டம் ஒன்றேதான். அதனால்தான் எங்கள் குழுவில் நான் எப்போதும் பட்ஜெட்டைப் பற்றியே கேட்கிறேன். எத்தனை நர்ஸ், மாத்திரை எத்தனை மாதத்துக்கு இருப்பு, இரவில் யார் இருப்பார்கள், இதையெல்லாம் கேட்காத கூட்டத்தில் எனக்கு உட்காரப் பிடிப்பதில்லை.

ஏர்வாடி உனக்கு ஞாபகம் இருக்கும், ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவை ஒட்டி மனநோயாளிகளை வைத்திருந்த விடுதி. 2001 ஆகஸ்ட் 6, தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று இந்தியச் சட்டம் நேராகச் சொன்னது 2017இல்தான், மனநலப் பராமரிப்புச் சட்டத்தில். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். இடையில் 16 வருஷம்! அவ்வளவு காலமும் யாரோ மறக்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள்.

பேசுபவர்கள் யார் என்பதும் முக்கியம். நானும் நீயும் குடும்பத்தார், நம் கஷ்டம் உண்மைதான், ஆனால் நோயை அனுபவித்தவர்கள் கேட்பது சில சமயம் நாம் கேட்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. நாம் அட்மிஷனை எளிதாக்கச் சொல்வோம், அவர்கள் என் சம்மதத்தைக் கேளுங்கள் என்பார்கள். எங்கள் குழுவில் இதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. என் நிலை, அவர்கள் மேசையில் இல்லாமல் எந்த மனுவும் போகக்கூடாது. சிலருக்கு என் மேல் வருத்தம், பரவாயில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மனநோய் என்று காரணம் சொல்லிக் கிளெய்மை மறுத்துவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதை அப்படியே விட்டுவிடாதே. உடல்நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது. மறுப்பைப் போனில் சொன்னார்களா, எழுத்தில் கொடுத்தார்களா? போனில் என்றால் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு, பாலிசியின் நகலையும் எடுத்து வை. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கே நடக்கவில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். எங்கள் குழுவில் இதே மாதிரி மறுப்புக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றிரண்டைக் காட்டினால் தவறுதலாக நடந்தது என்பார்கள், கட்டாக வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அவன் பெயரை எடுத்துவிட்டுத்தான் சேர்ப்போம். அதற்கும் முதலில் அவனைக் கேள், நீயே முடிவு செய்துவிடாதே. வேண்டாம் என்று சொன்னால் கட்டில் சேர்க்க வேண்டாம், கிளெய்முக்கான புகாரை மட்டும் பார்ப்போம், அதை எழுத நான் கூட இருக்கிறேன். அவன் என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
கீதா