பாறைக்கு, கம்பாஸ் எழுதுவது

அன்புள்ள பாறை,

ஒரு வருஷமாகக் கடிதம் போடாதவன் திடீரென்று எழுதினால் பணம் கேட்கத்தான் என்று நினைப்பாய். பயப்படாதே. எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்கு முதுகுவலி, அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்: பெரியவள் புவியியல் படிக்கப் போகிறாளாம்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, கேள். அவள் சொன்னதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அதப் படிச்சு என்ன பண்ணப் போற?" என் அப்பா என்னைக் கேட்ட அதே கேள்வி, அதே குரல். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அலமாரியைக் குடைந்து என் பட்டச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இருபது வருஷமாக வெளியே எடுக்காதது. மூலையில் கரப்பான் கடித்திருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம். நான் ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டேன்: "ஹார்வர்டே 1948ல் அந்தத் துறையை மூடிருச்சு, தெரியுமா?" மறுநாள் காலையில் பதில் வந்தது: "2006ல் புவியியல் பகுப்பாய்வுக்குன்னு தனி மையமே ஆரம்பிச்சாங்களே, அத ஏன் சொல்லல?" எனக்கு அது தெரியவே தெரியாது. பிறகு கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் படித்தது புவியியல்தான் என்றாள். அவர் பிழைத்தது பந்தால், வரைபடத்தால் இல்லை என்றேன். நல்ல பதில்தான், ஆனாலும் தோற்றது நான்தான்.

வாதம் போதும், கணக்குப் போடுவோம் என்று பேப்பரோடு உட்கார்ந்தோம். கல்லூரிக் கட்டணம், தங்கும் செலவு, களப்பயணம், செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் மூச்சு வாங்காத ஒரு கம்ப்யூட்டர். இதெல்லாம் எழுதக்கூடிய செலவு. அவள் அந்த வருஷங்களில் சம்பாதிக்காமல் இருப்பதையும் எழுது என்றேன். முகம் சுருங்கியது. இளங்கலையோடு நின்றால் பாதிக் கிணறு, மேற்படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம், அதையும் எழுது என்றேன். பேனாவை வைத்துவிட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நம் இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கை யாராவது அன்றைக்குப் போட்டுக் காட்டினார்களா?

ஒரு வரி மட்டும் எனக்கே ஆச்சரியம். நாம் படித்தபோது எதெல்லாம் எட்டாக்கனியோ அதெல்லாம் இப்போது இலவசம். ஒரே ஒரு செயற்கைக்கோள் படத்துக்காக வாத்தியார் எத்தனை மனு எழுதினார், ஞாபகமிருக்கிறதா? 1972ல் பறக்க ஆரம்பித்த அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் முழுவதும் 2008லிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவின் செண்டினல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர், அவ்வளவு நுணுக்கம், அதுவும் சும்மா. வரைபடம் போடும் மென்பொருளுக்கு க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். அப்படியானால் கல்லூரிக்குக் கொடுக்கும் பணம் எதற்கு என்று அவளையே கேட்டேன். "தப்பா வரைஞ்சா திட்டறதுக்கு ஆள் வேணும்ல" என்றாள். நம் வரைபட வாத்தியாரை அவள் பார்த்ததில்லை, பாவம்.

இங்கேதான் சிக்கல். அவள் கையில் இரண்டு வழி. ஒன்று, பழைய கல்லூரி ஒன்றில் வெறும் புவியியல். பெயரில் கவர்ச்சி இல்லை, கட்டணம் குறைவு. இன்னொன்று, பளபளவென்று ஒரு இடத்தில் 'ஜியோ' என்று ஆரம்பிக்கும் நீளமான பெயருள்ள படிப்பு. கட்டணம் மூன்று மடங்கு, கடன் வாங்காமல் முடியாது. போய்ப் பார்த்தோம். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டி மலைமேல் பறக்கவிட்டார்கள். நான் கழற்றி வைத்துவிட்டு, உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கிற புரொஜெக்‌ஷன் எந்த வருஷம் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் மென்பொருளே பார்த்துக்கும் சார்" என்றார் அந்த இளைஞர்.

பாறை, எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தத் துறையைவிட்டு ஓடிப்போனவன் நான். சரக்கு லாரிக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன். எனக்கென்ன வந்தது? ஆனாலும் வீடு வரும்வரை அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். மெர்கேட்டர் 1569ல் தன் உலக வரைபடத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. திசை சரியாக இருக்க வேண்டும், பரப்பு எப்படிப் போனாலும் போகட்டும் என்பது அவர் ஏற்பாடு. அதனால்தான் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினான்கு மடங்கு. இன்று போனில் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். 60 பாகை அட்சரேகையில் இருக்கும் ஒரு காட்டை அதன்மேல் வைத்து அப்படியே அளந்தால் பரப்பு நாலு மடங்காக வரும். மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அந்த எண்ணைக் கொடுக்கும். தப்பு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை உருவாக்கத்தானே படிப்பு? அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்பா, நீ வேலை பத்திப் பேசி நான் இப்படிப் பார்த்ததே இல்ல" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை விளம்பரங்களையும் தேடினோம். 'புவியியல்' என்று போட்டால் ஆசிரியர் வேலை வருகிறது, மற்றபடி சொற்பம். வேறு பெயர்களில் தேடினால் கதையே வேறு. வெள்ள அபாயத்தைக் கணிக்கக் காப்பீட்டுக்காரர்கள், பேருந்துத் தடம் போட நகரத் திட்டக்காரர்கள், நோய் எங்கிருந்து பரவுகிறது என்று பார்க்கப் பொதுச் சுகாதாரம். 1854ல் லண்டனில் ஜான் ஸ்நோ காலரா மரணங்களைத் தெருத்தெருவாகப் புள்ளிவைத்து ஒரு தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டினாரே, அதே வேலைதான், புதுச் சட்டையில். ஆனால் அவரும் மருத்துவர்தானே, நம் ஆள் இல்லை! இதுதான் என் கவலை. நம் வேலையை எல்லாரும் செய்கிறார்கள், நம் பட்டத்தைக் கேட்பவர் குறைவு. புள்ளியியலும் கொஞ்சம் நிரலும் கூடவே கற்காவிட்டால் அழகான படம் போடுகிறவளாக மட்டும் நின்றுவிடுவாள். ஆரம்ப வேலைகளும் கரைந்துகொண்டு வருகின்றன. புதியவர்கள் முன்பு உட்கார்ந்து கூரை கூரையாக வரைந்ததை இயந்திரம் வரைகிறது. மைக்ரோசாஃப்ட் கோடிக்கணக்கான கட்டடங்களை அப்படி எடுத்து இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. முதல் படியே இல்லாத ஏணியில் எப்படி ஏறுவது?

என் முடிவு: படிக்கட்டும், ஆனால் கடன் வாங்கி வேண்டாம். பழைய கல்லூரியே போதும், மிச்சமாகும் பணம் மேற்படிப்புக்கு. அவளும் முக்கால்வாசி சம்மதித்துவிட்டாள். கால்வாசி உன்னிடம் இருக்கிறது.

ஏனென்றால் நான் சொல்வதெல்லாம் கரையில் நின்று ஆழம் சொல்கிற கதை. உள்ளே இறங்கியவன் நீ. பட்டம் வாங்கி இரண்டு வருஷம் நீ வேலையில்லாமல் இருந்தாயே, அப்போது நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, உன் முகத்தில் விழிக்கத் தெரியவில்லை. அந்த இரண்டு வருஷத்தை எப்படி ஓட்டினாய் என்று இன்றுவரை கேட்டதுமில்லை. இந்தப் படிப்பின் விலை என்ன என்று பேப்பரில் எழுதும்போதெல்லாம் அதுதான் வந்து நின்றது. அந்த வரியில் என்ன எண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால், வரும் ஞாயிறு அவள் உன்னைக் கூப்பிடுவாள். "மாமாவே ஆள் எடுக்கிறார்ல, அவர்ட்ட கேக்கறேன்" என்கிறாள். யாரை எடுப்பாய், யாரைத் திருப்பி அனுப்புவாய் என்று ஒளிக்காமல் சொல். அந்த இரண்டு வருஷத்தையும் சொல். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். இருந்தால் நீ என்னைக் கிண்டலடித்தே தப்பித்துவிடுவாய்.

மலை உச்சி என்று நான் கூட்டிப்போய்க் கல்குவாரியில் நிறுத்திய கதையை மட்டும் வேண்டாம். வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
கம்பாஸ்

பி.கு: சான்றிதழ் தேடியபோது அலமாரிக்கு அடியிலிருந்து அவள் ஒரு பெட்டியையும் எடுத்தாள். "இது என்னப்பா, கவராயம் மாதிரி?" என்று கேட்டாள். பிளானிமீட்டர், வரைபடத்தில் பரப்பளவு அளக்கிற கருவி. ஆமாம், அதேதான். காணாமல் போனபோது துறையே உன்னைச் சந்தேகப்பட்டதே, அது. நேரில் வந்து தருகிறேன், அதுவரை திட்டாதே.