ஆண் குழந்தை தங்காத வீடும் மருத்துவர் ராபர்ட் குட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும் உருவாகும் எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சையின் வரலாறு குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1990இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸின் பணியை அது தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், இந்தச் சிகிச்சையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ராபர்ட் குட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் அந்த விடுபடலை நிரப்ப விரும்புகிறேன்.

1922இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த குட், மாணவப் பருவத்தில் கால்களை முடக்கிய ஒரு நோய்க்கு ஆளாகி, அதன் பின் வாழ்நாள் முழுவதும் விந்தி விந்தியே நடந்தவர். 1947இல் மருத்துவப் பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒருசேரப் பெற்றார். ஆய்வகத்தில் தோன்றிய கேள்வியை நோயாளியிடம் கொண்டுசெல்வது அவர் வழக்கமன்று. நோயாளியிடம் கண்ட புதிரைத்தான் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டியும், இரத்தத்தில் எதிர்ப்புப் புரதமே இல்லாத நிலையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததைப் பார்த்தவர், அதுவரை பயனற்றது எனக் கருதப்பட்ட அந்தச் சுரப்பிக்கு என்ன வேலை என்று ஆராயத் தொடங்கினார். 1965இல் மேக்ஸ் கூப்பருடன் சேர்ந்து கோழிக்குஞ்சுகளில் அவர் செய்த ஆய்வு, நம் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குத் தனித்தனியான இரண்டு கிளைகள் உண்டு என்பதைக் காட்டியது: தைமஸைச் சார்ந்த செல்கள் ஒன்று, எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் செல்கள் மற்றொன்று.

இந்த இரண்டு கிளைகளும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். 'ஸ்கிட்' (கடுமையான கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு) எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இக்குறைபாட்டின் ஒரு வகை தாய்வழியே வந்து ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும். 1968இல் அத்தகைய ஓர் ஆண் குழந்தை, அரை வயது நிரம்புவதற்கு முன்பே, குட்டிடம் வந்தான். அவன் தாய்வழிக் குடும்பத்தில் அவனுக்கு முன் பல ஆண் குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்திருந்தனர். பிறர் மஜ்ஜையை உடல் ஏற்க வேண்டுமானால் பொதுவாக முதலில் கதிர்வீச்சாலோ மருந்துகளாலோ அதன் எதிர்ப்பை அழிக்க வேண்டும். எதிர்க்கும் வலுவே இல்லாத இந்தக் குழந்தைக்கோ அது தேவைப்படவில்லை. ஆபத்து மறுபக்கத்தில் இருந்தது. உள்ளே செலுத்தப்படும் மஜ்ஜையின் செல்கள் குழந்தையின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும். அதற்கு முந்தைய முயற்சிகள் அப்படித்தான் தோற்றிருந்தன. எனவே திசு வகையைச் சோதித்து, பெரிதும் பொருந்திய ஒரு சகோதரியின் மஜ்ஜையை எடுத்துச் செலுத்தினார்கள். எதிர்ப்பாற்றல் வந்தது, ஆனால் இரத்தம் உற்பத்தியாவது நின்றுபோனது. குட்டும் அவர் குழுவினரும் மனம் தளராமல் அதே சகோதரியிடமிருந்து மீண்டும் மஜ்ஜை எடுத்துக் கொடுத்தனர். அந்தச் சிறுவனின் இரத்த வகை ஏ-யிலிருந்து சகோதரியின் ஓ வகைக்கு மாறியது; அவன் பிழைத்து வளர்ந்து ஆளானான்.

குட்டின் வாழ்வில் மறைக்கக் கூடாத பகுதியும் உண்டு. 1974இல் அவர் தலைமை வகித்த நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில், ஓர் ஆய்வாளர் வெள்ளை எலிகளின் தோலில் பேனாவால் கறுமை தீட்டி, ஒட்டுத்தோல் வெற்றி பெற்றதாகக் காட்டியது வெளிப்பட்டது. அந்தப் பழியின் நிழல் குட் மீதும் படிந்தது. ஆயினும் 1968இல் அவர் செய்ததை அது சிறிதும் குறைத்துவிடாது என்பது என் உறுதியான கருத்து.

இதையெல்லாம் நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்தபோது, நான்கு மாத ஆண் குழந்தை ஒன்றைப் பார்த்தேன். நாக்கில் தயிர் படிந்தாற்போன்ற வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப நிமோனியா, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடது கையின் அக்குளில் கட்டி. "எங்க வீட்டுல ஆண் பிள்ளை தங்காது ஐயா, என் மகன் ரெண்டு பேரும் இப்படித்தான் போனாங்க" என்று தாய்வழிப் பாட்டி சொன்னார். அதை மூடநம்பிக்கை என்று எண்ணி நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. குழந்தை இறந்த பிறகுதான் அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பெயரே இருந்தது எனக்கு விளங்கியது.

இக்குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களுக்குள், தொற்று பற்றுவதற்கு முன் மஜ்ஜை மாற்றினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்திலேயே இக்குறைபாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டிலோ உயிருள்ள கிருமியாலான பி.சி.ஜி. தடுப்பூசி பிறந்தவுடன் போடப்படுகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது இன்றியமையாதது; இந்தச் சில குழந்தைகளுக்கு மட்டும் அதுவே உடல் முழுவதும் பரவும் நோயாகிவிடும். சிகிச்சை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடைபெற்று வருகிறது.

எனவே தங்கள் மருத்துவப் பக்கத்தில் இது பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன். கருவுற்ற பெண்ணின் அண்ணன் தம்பிகளோ, அக்காள் தங்கையின் மகன்களோ, அவளுடைய மூத்த மகனோ கைக்குழந்தையாக இருந்தபோது தொற்றுநோயால் இறந்திருந்தால், பி.சி.ஜி. போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுமாறு வீட்டுப் பெரியவர்களுக்கும், சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுமாறு செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் அக்கட்டுரை எடுத்துரைக்க வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்,
திருநெல்வேலி