ஓன்ஃப்ளர் துறைமுகத்திலிருந்து

அன்புள்ள சித்திரக்காரா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டி முடித்துவிட்டு மேலே படி. நான் நலம், முட்டிவலி என்னைவிட நலம்.

பிரான்சில் ஓன்ஃப்ளருக்கு வந்திருக்கிறேன். செய்ன் நதி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சின்ன ஊர். ஓவியர் பூதேன் பிறந்தது இங்கேதான். மோனே, யோங்கின்ட் என்று எத்தனையோ பேர் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஊர். நானும் பழைய துறைமுகத்தின் ஓரமாக முக்காலி போட்டேன். எதிரே சிலேட்டுக் கல் போர்த்திய ஒல்லி ஒல்லியான வீடுகள், தண்ணீரில் அவற்றின் சாயல். ஒரு ஜன்னல் விடாமல் வரைந்தேன். மதியத்துக்குள் எல்லாம் சேறு. மாஸ்டர் இருந்திருந்தால், "பேப்பரைக் கழுவிக் காயப்போடு தம்பி" என்றிருப்பார்.

அறைக்கு வந்து, யோங்கின்ட் இதே ஊரை வரைந்த வாட்டர்கலர்களைப் புத்தகத்தில் பார்த்தேன். வயிற்றெரிச்சல்! பாய்மரம் என்றால் ஒரே கீறல். கோட்டை அழிக்கவும் இல்லை, வண்ணத்தைக் கோட்டுக்குள் அடைக்கவும் இல்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெறும் காகிதம். இடத்திலேயே உட்கார்ந்து வாட்டர்கலரைச் சடசடவென்று போட்டுவிடுவாராம். ஆயில் பெயின்டிங் எல்லாம் அப்புறம் ஸ்டுடியோவில். தன் கண்ணைப் பழக்கியவர் அவர்தான் என்று மோனே பின்னாளில் சொன்னது சும்மா இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த யோங்கின்ட் குடியிலும் கடனிலும் நொடிந்து நெதர்லாந்தில் ரோட்டர்டாமில் முடங்கிக் கிடந்தவர். 1860இல் பாரிஸ் ஓவிய நண்பர்கள் தங்கள் படங்களைக் கொடுத்து, ஏலம் விட்டுப் பணம் திரட்டினார்கள். கால்ஸ் என்ற ஓவியர் நேரிலேயே போய் அவரைக் கூட்டிவந்தார். நான் பார்த்துப் பொருமிய ஓன்ஃப்ளர் படங்கள் அதற்கு அப்புறம் வரைந்தவை.

அவள் போனதிலிருந்து நீ பிரஷைத் தொடவில்லை என்று நம்ம குண்டுப்பயல் போன வருஷமே சொன்னான். உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியாமல்தான்டா இத்தனை நாள் எழுதவில்லை. முட்டிவலி, வேலை என்று வேறு காரணமெல்லாம் சொல்லலாம், பொய்.

ஏலம் விட என்னிடம் ஒரு படமும் தேறாது. 14ஆம் தேதி திரும்புகிறேன், நேரே உன் வீட்டுக்குத்தான். வண்ணப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வை. வரைய மாட்டேன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து என் ஜன்னல்களையாவது கிண்டல் செய்.

ஊதா மட்டும் எனக்கு வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள்.

உன்,
முக்காலி