பிரெயில் சாஃப்ட்வேரை ஏன் சார் தூக்கச் சொல்றீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்துல லினக்ஸ்ல ஆர்டுயினோங்கிற குட்டி எலக்ட்ரானிக்ஸ் போர்டை கனெக்ட் பண்றது பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வர்றதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா அந்த போர்டோட பேசறதுக்கான போர்ட் கம்ப்யூட்டர்ல தெரியலைன்னா பிஆர்எல்டிடிஒய்ங்கிற சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிடுங்கன்னு ஒத்த வரில முடிச்சுட்டீங்களே, அது என்ன, எதுக்கு இருக்குன்னு ஒரு வார்த்தை கூட இல்ல.

பார்வை இல்லாதவங்க விரலால தடவிப் படிக்கிற பிரெயில் டிஸ்ப்ளே இருக்கு இல்லையா, அதை லினக்ஸோட பேச வைக்கிறதே இந்த சாஃப்ட்வேர்தான். 1995லேர்ந்து இருக்கு, பல வருஷமா அதை முன்ன நின்னு வளர்த்த டேவ் மீல்கியே பார்வை இல்லாதவர். தமிழ் எழுத்தை பிரெயில் புள்ளியா மாத்துற டேபிளும் அதுல உண்டு.

இதுக்கும் ஆர்டுயினோவுக்கும் என்ன சம்பந்தம்னா, ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற மலிவு ஆர்டுயினோ நானோ போர்டுல பெரும்பாலும் சிஹெச்340ன்னு ஒரு சீன சிப்தான் யூஎஸ்பியை சீரியலா மாத்துது. எந்த யூஎஸ்பி சாமானும் சொருகின உடனே ரெண்டு நம்பர் சொல்லும், ஒண்ணு கம்பெனிக்கு, இன்னொண்ணு சாமானுக்கு, இந்த சிப்புக்கு அது 1ஏ86, 7523. இந்த ஜோடி எந்த டிரைவரோட பட்டியல்ல இருக்குன்னு கர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, பார்க்கும், சிஹெச்341ங்கிற டிரைவர்ல இருக்கும், உடனே டிடிஒய்யூஎஸ்பி0ன்னு போர்ட் வந்துடும். டிரைவரை தனியா டவுன்லோட் பண்ற வேலையே கிடையாது, கர்னலோடயே வருது, கட்டுரைல அதுக்கு அரைப் பத்தி வீணாக்கியிருக்கீங்க.

சிக்கல் என்னன்னா ஒரு பிரெயில் டிஸ்ப்ளேவும் இதே சிப்பை வச்சு, தனக்குன்னு நம்பர் வாங்காம, சிப்போட நம்பரையே சொல்லிக்கிட்டு இருக்கு. ஒரே டோர் நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா போஸ்ட்மேன் என்ன பண்ணுவார் பாவம். உபுண்டுங்கிற லினக்ஸோட 22.04 வெர்ஷன்ல, இந்த ஜோடி வந்தா பிஆர்எல்டிடிஒய்யை எழுப்புன்னு ஒரு யூடெவ் ரூல் (சாமான் சொருகினா என்ன பண்ணணும்னு சொல்ற விதி) இருந்துச்சு, அதனால கர்னல் போர்டை கண்டுபிடிச்சு போர்ட் குடுத்த கையோட பிஆர்எல்டிடிஒய் வந்து, இது பிரெயில் டிஸ்ப்ளேதான்னு நெனச்சு பிடுங்கிக்கிச்சு. டெர்மினல்ல டிமெஸ்ஜின்னு, கர்னல் எழுதி வைக்கிற குறிப்பைக் காட்டுற கமாண்டை அடிச்சா எல்லாம் அப்படியே தெரியும், கன்வர்ட்டர் அட்டாச் ஆச்சுன்னு ஒரு வரி, அப்புறம் பிஆர்எல்டிடிஒய் பேரோட ஒரு வரி, உடனே டிஸ்கனெக்டட். டிமெஸ்ஜில ஒண்ணுமே வரலைன்னா அது வேற கதை, முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா இருக்கும்.

இதுக்குப் போய் மொத்த சாஃப்ட்வேரையும் தூக்கணுமா? யூஎஸ்ஆர் லிப்ல யூடெவ் ரூல்ஸ் இருக்கிற ஃபோல்டர்ல பிஆர்எல்டிடிஒய் பேர்ல ஒரு ஃபைல் இருக்கும், அதை அதே பேர்ல இடிசில இருக்கிற யூடெவ் ரூல்ஸ் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, 1ஏ86, 7523 வர்ற வரிக்கு முன்னாடி அந்த வரியை செயலிழக்க வைக்கிற ஒரு ஹேஷ் (#) போட்டு, ரூல்ஸை ரீலோட் பண்ணி, போர்டை கழட்டி மாட்டினா போதும். மத்த பிரெயில் டிஸ்ப்ளே எல்லாம் எப்பவும் போல வேலை செய்யும். பிஆர்எல்டிடிஒய் டெவலப்பர்களே பின்னாடி, சொந்த நம்பர் இருக்கிற டிஸ்ப்ளேக்கு ஒரு ஃபைல், பொது சிப் நம்பரோட வர்றதுக்கு இன்னொரு ஃபைல்னு ரெண்டா பிரிச்சுட்டாங்க.

நம்பர் தகராறை நம்பர் பட்டியல்லயே தீர்க்கிறதுதான் லினக்ஸ் வழக்கம். 2014 அக்டோபர்ல, இதே மாதிரி யூஎஸ்பி-சீரியல் சிப் விக்கிற எஃப்டிடிஐ கம்பெனி தன்னோட விண்டோஸ் டிரைவர் வழியா போலி சிப்புகளோட சாமான் நம்பரை பூஜ்யமா மாத்தி செத்த மாதிரி ஆக்கிடுச்சு, காசு குடுத்து வாங்கின அப்பாவிக்கு அது போலின்னு எப்படி தெரியும்? லினக்ஸ்ல என்ன பண்ணாங்கன்னா எஃப்டிடிஐ டிரைவர் பட்டியல்ல அந்த பூஜ்யத்தையும் சேர்த்துட்டாங்க, சிப் திரும்ப வேலை செஞ்சுது.

சொந்த லேப்டாப்ல, நீங்க மட்டும் யூஸ் பண்றீங்கன்னா, தூக்கிக்கோங்க, யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா உங்க பக்கத்தை வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டற காலேஜ் லேப் எத்தனையோ இருக்கு சார். அங்க ஒரே பிசிய நாலு டிபார்ட்மென்ட் பசங்க பகிர்ந்துக்கறாங்க, அதுல ஒருத்தர் பிரெயில் டிஸ்ப்ளேவோட வந்து உட்கார்ந்தா, அவருக்கு திரைல என்ன எரர் வருதுன்னு படிக்கவே வழி இல்லாம போயிடும், யார்கிட்ட போய் கேட்பார்?

போர்ட்டுக்கு சிஹெச்மாட் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுக்கிற கமாண்டை, போடச் சொன்னதையும் எடுத்துடுங்க, கழட்டி மாட்டினா அது போயிடும். உபுண்டுல யூசரை, சீரியல் போர்ட்டை யூஸ் பண்ண அனுமதி இருக்கிற டயல்அவுட் குரூப்ல சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி வந்தா நிரந்தரமா சரியாயிடும். அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல திருத்தம் போடுவீங்கன்னு நம்பறேன்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் லேப்ல வேலை பார்க்கும் வாசகர்,
சேலம்