338 கிலோமீட்டர், 55 நிமிடம்: எந்த விமானத்தில்?

விமானத் தூரமும் பயண நேரமும் கணக்குப் போட்டுக் காட்டும் செயலிகளை நடத்துவோருக்கு,

வணக்கம். சென்னை நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். விமானச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள். ஆனால் விமானத்தைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டது போன மே மாதம்தான். என் சித்தி புண்ணியத்தில்.

சித்திக்குச் சேலம் பக்கம் ஓமலூர். பேத்தியின் வளைகாப்பு தூத்துக்குடியில். உங்களில் ஒருவரது செயலியில் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்திருக்கிறார். 338 கிலோமீட்டர், 55 நிமிடம் என்று வந்திருக்கிறது. மத்தியானப் பந்திக்கு வந்துவிடுவேன் என்று சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

தூரம் சரிதான். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரமும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 78 பாகையை ஒட்டி இருக்கின்றன. உருண்டை மேல் நூல் பிடித்தால் நேர் தெற்கே அவ்வளவுதான் வரும். அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டினால் உங்கள் 55 நிமிடம் கிடைத்துவிடும். ஆனால் 800 என்பது ஜெட் வேகம். சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர். விசிறி சுழலும் அந்த விமானம் 500-ஐத் தாண்டினாலே அதிகம்.

அதுகூடப் போகட்டும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே இல்லையே! பேரன் சென்னை வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டான். சேலம்–சென்னை சுமார் 265 கிலோமீட்டர், சென்னை–தூத்துக்குடி சுமார் 530 கிலோமீட்டர். தெற்கே போக வேண்டியவர் முதலில் வடகிழக்கே பறந்தார்.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்தவரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது. மடியில் மஞ்சப்பை, அதில் சேலத்து குண்டு மாம்பழம். வாசனை பக்கத்து நாற்காலி வரை அடித்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்பத்தஞ்சு நிமிஷம்னுதானேடா போட்டிருந்துச்சு?" என்றார். என்ன சொல்ல? தூத்துக்குடி வாசலில் அவர் செருப்பைக் கழற்றியபோது விளக்கு வைக்கும் நேரம். வளையல் போட்டு, பந்தி முடிந்து, பாத்திரமும் கழுவியாயிற்று. முந்தின நாள் ராத்திரி சேலத்தில் பஸ் ஏறியிருந்தால் விடியற்காலை காபிக்கே போயிருப்பார்.

நீங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு நிமிடக் கணக்கே காட்டாதீர்கள், 'விமானம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். விமானம் இருந்தால், அது நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, போன ஊரில் நிற்கும் வரையான நேரத்தைக் கொடுங்கள். விமான நிறுவனங்களின் அட்டவணையிலேயே அது இருக்கிறது, வகுத்தல் கணக்கு தேவையில்லை.

பேத்திக்கு இது ஒன்பதாம் மாதம். குழந்தை பிறந்த சேதி வந்ததும் சித்தி மறுபடி அதே செயலியைத்தான் திறப்பார். அதற்குள் அந்த 55-ஐ எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நங்கநல்லூர்வாசி ஒருவன்