மெகாவாட் மட்டும் போட்டால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய மின்சாரம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இத்தனை கிலோவாட், இத்தனை மெகாவாட் என்றே போகிறது. அதிலிருந்து எத்தனை யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) கிடைக்கும், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று ஓரிடத்தில்கூட இல்லை. மாடியில் பேனல் போட்டு மூன்று வருஷம் ஆகிறது எனக்கு. இது தெரியாமல்தான் பலரும் ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

என் மாடியில் இருப்பது 3 கிலோவாட். பகல் பன்னிரண்டு மணி நேரம், பெருக்கினால் 36 யூனிட் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வந்ததோ நல்ல வெயில் நாளிலேயே 12 யூனிட் சுமார். பேனல் மாட்டிக் கொடுத்தவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பேனலில் குறை ஒன்றும் இல்லை, அவர் முன்கூட்டியே விளக்கிச் சொல்லாததுதான் குறை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில், பேனலுக்குள் வெளிச்சத்தைக் கரண்டாக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. மாடியில் அந்த அளவு வெளிச்சம் உச்சி வேளையை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான் விழும், அப்போது பார்த்தால் செல் 60 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். செல்லில் இருக்கும் சிலிக்கானுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு ஆகாது. 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் 0.3 முதல் 0.4 சதவீதம் போய்விடும். மழை பெய்து ஓய்ந்து வானம் பளிச்சென்று இருந்த ஒரு நாளில், கடும் வெயில் நாளைவிட, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் என் இன்வெர்ட்டர் அதிகம் காட்டியது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

நிழல் இன்னொரு தலைவலி. பேனலுக்குள் செல்கள் மணி மாலை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன, ஒன்று சுணங்கினால் அந்த வரிசையே சுணங்கும். அதற்காகத்தான் சுணங்கிய பகுதியைச் சுற்றிக் கரண்ட் போக வழிவிடும் பைபாஸ் டயோடு, பெரும்பாலான பேனல்களில் மூன்று வைக்கிறார்கள், ஆனாலும் ஒரு மூலையில் விழும் நிழல் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். என் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலை மூன்று மணிக்கு மேல் அந்த வேலையைச் செய்கிறது. தொட்டியை நகர்த்துவதா பேனலை நகர்த்துவதா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

இதையெல்லாம் விட எரிச்சல் வந்தது முதல் மின்தடையன்று. நடுப்பகல், சுள்ளென்று வெயில், மாடியில் 3 கிலோவாட் காய்ந்துகொண்டிருக்கிறது, கீழே மின்விசிறி நின்றுபோய் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பேட்டரி இல்லாமல் வெளி மின்சார லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டுக் கரண்ட் பின்பக்கமாகப் போய் ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நியாயமான காரணம்தான், அதை யாரும் வைக்காமல் விட முடியாது, ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் அதைச் சொல்ல அரை நிமிஷம் போதுமே. பேட்டரியும், லைன் போனாலும் அதை வைத்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வைத்தால்தான் மின்தடையில் வெளிச்சம் என்று உங்கள் கட்டுரையிலாவது ஒரு வரி வந்திருக்கலாம்.

தொழில் செய்பவர்கள் கணக்கு வேறு. வீட்டில் பேனல் உழைக்கும் நேரத்தில் பாதிப் பேர் வெளியே போயிருப்போம். அலுவலகம், பட்டறை, குளிர்பதனக் கிடங்கு எல்லாம் பகலில்தான் கரண்டை இழுக்கின்றன, வந்த யூனிட் அங்கேயே செலவாகிவிடும். அதிலும் குளிர்பதனக் கிடங்கு கெட்டிக்காரத்தனமானது, நடுப்பகலில் கூடுதலாகக் குளிர வைத்துக்கொண்டால் மாலையில் கம்ப்ரஸர் ஓட்டத்தைக் குறைக்கலாம், பேட்டரி இல்லாமலே ஒரு பேட்டரி. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அதிகபட்சத் தேவைக்கு, அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கு, தனிக் கட்டணம் வாங்கும் இடங்களில், மாதம் முழுக்க பேனல் உழைத்துவிட்டு, எல்லா இயந்திரமும் ஓடும் ஒரு மேகமூட்டமான கால் மணி நேரத்தில் படுத்துவிட்டால் போதும், அந்தக் கட்டணம் குறையவே குறையாது. யூனிட் குறையும், பில் நினைத்த அளவு குறையாது.

பெரிய மின் நிலையங்களுக்கு வருவோம். 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் என்றால் நல்ல வெயில் கிடைக்கும் இடத்தில்கூட வருஷத்துச் சராசரி 20, 25 மெகாவாட்தான், இரவும் இருக்கிறதே. அதே அளவு அணுமின் நிலையம் 80, 90-ஐத் தொடும். இரண்டையும் மெகாவாட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். கலிபோர்னியாவின் மின் தொகுப்பை இயக்குபவர்கள் 2013-இல் ஒரு வரைபடம் போட்டார்கள். சூரிய மின்சாரம் போக மற்ற நிலையங்கள் தர வேண்டிய அளவு நடுப்பகலில் வாத்தின் வயிறு மாதிரி தொங்கி, மாலையில் கழுத்து மாதிரி விறுவிறுவென ஏறும். வாத்து வளைவு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சூரியனோடு கூடவே திரும்பும் டிராக்கர்களைப் போட்டால் காலையும் மாலையும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், மிச்சக் கழுத்தைப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அந்தப் பேட்டரியையும் 100 மெகாவாட் என்று மட்டும் எழுதுகிறீர்கள். ஒரு மணி நேரம் தாங்குமா நான்கு மணி நேரம் தாங்குமா? 100 மெகாவாட்-மணிக்கும் 400-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நேரம் முன்கூட்டியே தெரிந்தால் எதையும் சமாளிக்கலாம். 2015 மார்ச் 20 அன்று ஐரோப்பாவில் சூரிய கிரகணம். ஜெர்மனியில் சூரிய உற்பத்தி மளமளவென்று சரிந்து, கிரகணம் விலகியதும் அதைவிட வேகமாக ஏறியது. நிமிஷக் கணக்கில் முன்பே திட்டம் போட்டு வைத்திருந்ததால் மின்தடை எதுவும் வரவில்லை.

ஆகையால் அடுத்த முறை புது சூரிய மின் நிலையத் திறப்பு விழாச் செய்தி போடும்போது, வருஷத்துக்கு எத்தனை யூனிட், இருட்டிய பிறகு எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ரிப்பன் வெட்டும் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மாடியில் 3 கிலோவாட் வைத்திருக்கும் ஒரு வாசகர்