காமிரா இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது

அன்பு மகள் மாலதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, குழந்தை நலமும் அறிய ஆவல். நீ போன் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது எண்ணத் தோன்றுகிறது.

நீ அனுப்பிய காமிராவை நான் மாட்டவில்லை. தனியாக இருப்பவள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற உன் பயம் நியாயமானதுதான். போன மழைக்காலத்தில் நடந்ததற்குப் பிறகு அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும், "ஊரையெல்லாம் பார்ப்பது போதாதென்று என் கூடத்தையும் பார்க்க வேண்டுமா?" என்று நான் உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட விதத்துக்கு வருந்துகிறேன். கேட்ட விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை.

உன் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசாத நாள் எனக்கு இல்லை. கணக்கில் உன் அளவுக்கு வந்த பிள்ளை நம் தெருவில் இல்லை என்று உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரே இன்றும் சொல்கிறார். கூட்டத்தில் ஒரு முகத்தைக் கண்டதும் அது யார் என்று சொல்லிவிடும் மென்பொருளைப் போலீசுக்காக எழுதுகிறீர்கள் என்று நீ சொன்னபோது, காணாமல் போன குழந்தைகளைத்தான் நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான், உங்கள் ஹைதராபாத்திலேயே 2021 ஊரடங்கின்போது முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லித் தன்னைப் படம் எடுத்ததை எதிர்த்து ஒருவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போன செய்தியைப் படித்தேன். அப்படி எடுத்த முகங்களை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று பொங்கலுக்கு வந்தபோது உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். "நாங்கள் கருவியைச் செய்கிறோம், பயன்படுத்துவது அரசாங்கம், பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள் அம்மா" என்றாய்.

அந்தப் பதிலை அன்றிலிருந்து மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுப் போட்டு மாற்றிப் பார்த்தவள்தான் நான். 1977 மார்ச்சில் இந்திரா காந்தியையே ரே பரேலியில் தோற்கடித்தார்கள். ஆனால் தொலைபேசியை ஒட்டுக்கேட்க இடம் தரும் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவை, நெருக்கடி நிலைச் சிறையிலிருந்து வந்து ஆட்சியில் அமர்ந்த ஜனதாக் கட்சிக்காரர்கள் நீக்கவில்லை. அந்த ஜனதாவிலிருந்து வந்த ராமகிருஷ்ண ஹெக்டேதான் 1988-இல் ஒட்டுக்கேட்புப் புகாரில் கர்நாடக முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1996-இல் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதே அதிகாரம் இருக்கிறது. உத்தரவில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலர், அது சரியா என்று பார்க்கும் குழுவில் இருப்பவர்களும் செயலர்கள். நீதிபதி ஒருவரும் இல்லை.

தாத்தா இருந்திருந்தால் உன்னோடு இன்னும் உரக்கச் சண்டை போட்டிருப்பார். நூல் பர்மிட்டுக்காக அவர் ஏறி இறங்கிய படிகள் உனக்குத் தெரியும். 1959-இல் அந்த லைசென்ஸ், பர்மிட் ஆட்சியை எதிர்த்து ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போனவர் அவர். 1967-இல் மக்களவையில் 44 இடம் வந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதே ராஜாஜி, 1938-இல் முதல்வராக இருந்தபோது, வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்களை அடக்கக் கொண்டுவந்த சட்டத்தையே எடுத்து இந்தி எதிர்ப்பாளர்களைச் சிறையில் தள்ளினாரே என்று நான் ஒருமுறை கேட்டேன். தாத்தா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவ்வளவு நல்லவர் கையிலேயே அது அப்படித்தான் ஆயிற்று என்றால், நல்லவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்ற உன் நம்பிக்கையின் மேல் நான் எப்படிச் சாய்ந்து உட்கார முடியும்?

ஓட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம். ஆனால் சாவடி வாரியாக எண்ணுவதால் நம் தெரு யாருக்குப் போட்டது என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரியும். பல சாவடி எந்திரங்களைக் கலந்து எண்ணலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டும் எந்த அரசாங்கமும் அதற்கு மனம் வைக்கவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்லும்வரை, தேர்தல் பத்திரத்தில் எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பது அரசுடைமை வங்கிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ரேஷன் கடையில் அரிசி வாங்க நான் விரலை மூன்று முறை அழுத்திக் காட்ட வேண்டும். தனிநபர் தரவுக்கென்று 2023-இல் வந்த சட்டம்கூட, வேண்டிய அரசு அமைப்புக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. அதனால்தான் அழிப்பீர்களா, எத்தனை நாளில் என்று மறுபடியும் கேட்கிறேன்.

இவ்வளவும் எழுதியது, எழுத வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போடத்தான்.

1976 பிப்ரவரி. ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் நான் இருந்தேன். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. மேற்பார்வையாளர் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று எண்களைக் கொடுத்து, அவற்றில் வரும் போகும் ட்ரங்க் கால்களின் நேரம், ஊர், பேசியவர் பெயர், காதில் விழும் பேச்சு எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதித் தரச் சொன்னார். இரண்டாவது எண் 214. டீச்சர் வீடு.

எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. முடியாது என்று சொன்ன இன்னொரு பெண்ணை இரவுப் பணிக்கு மாற்றினார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று சில நொடி கேட்பது எங்கள் வழக்கம்தான்; அந்த ஏழு வாரமும் முழுப் பேச்சையும் கேட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் பாராட்டியது அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கரு கலைந்ததைத் தங்கையிடம் சொல்லி டீச்சர் அழுததும் அந்தத் தாளில் போயிற்று. ஏப்ரலில் டீச்சரின் கணவரை, விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் கொண்டுபோனார்கள். பத்து மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்தார். என் தாளால்தான் என்பதற்குச் சான்றில்லை. இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உன்னை எட்டு வருஷம் அந்த வீட்டுக்குக் கணக்குக்கு அனுப்பினேன். ஒரு நாளும் அவர்களிடம் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது.

அதே ஏப்ரல் 28-ஆம் தேதிதான், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தீர்ப்பளித்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஒய். வி. சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன வழக்கில், அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று எழுதியவர் அவருடைய மகன். அன்று நீ இங்கேதான் இருந்தாய். அம்மா ஏன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாய். அரிசி ஊறப்போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

டீச்சருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன். அவர் என்னை இனி வாசலில் ஏற்றாமல் போகலாம். அதற்கு முன் நீ என் எழுத்தில் அறிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

வேலையை விடு என்று நான் எழுதவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில், எடுத்த முகங்களை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். காமிராவை வரும்போது எடுத்துக்கொண்டு போ. தினமும் ஆறரைக்கு வாசல் தெளித்ததும் நானே உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன்; வராத அன்று எதிர்வீட்டுக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா